தாடையோரப் பரு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஆடுதுறைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். சாயங்காலம் 5 மணிக்கு மேல், கல்லூரி விட்டு வரும் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில், தினமும் யாராவது ஒரு பெண் கடை வாசலில் ஓரமாக நிற்பாள். முகத்தைச் சுற்றித் துப்பட்டா. மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று காத்திருப்பாள். கடை காலியானதும் கிட்டே வந்து, துப்பட்டாவை லேசாக இறக்கி, தாடையைக் காட்டுவாள். "அக்கா, இதுக்கு ஏதாவது க்ரீம் இருக்கா? போன மாசம் போயிடுச்சு, மறுபடி அதே இடத்துல வந்துடுச்சு."

மறுபடி, அதே இடத்தில். அவள் சொன்னதில் முக்கியமான தகவல் இதுதான். அவளோ அதை ஒரு சலிப்பாகச் சொல்லிவிட்டு, க்ரீமின் பெயருக்காகக் காத்திருக்கிறாள்.

பரு என்றால் விடலை வயதில் நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் வந்து, கொஞ்ச வருடத்தில் தானாகப் போய்விடுவது என்றுதான் நமக்குப் பழக்கம். தாடையோரப் பருவின் நடத்தை வேறு. இருபதைத் தாண்டிய பெண்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். காதுக்குக் கீழே தொடங்கி, தாடை எலும்பின் விளிம்பு வழியாக மோவாய் வரைக்கும், சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி வரைக்கும் வரிசை கட்டும். வெள்ளை முனை தெரியாது. தோலுக்கு அடியில் சுண்டைக்காய் மாதிரி ஒரு முடிச்சு. தொட்டால் வலி, அந்தப் பக்கம் தலையணையில் சாய முடியாது. பிதுக்கினால் ஒன்றும் வராது, வீக்கம்தான் கூடும். ஒரு வாரம், பத்து நாள் இருந்து அமுங்கும்போது கறுப்பாக ஒரு தடத்தை விட்டுப் போகும். அந்தத் தடம் மங்குவதற்குள் அடுத்தது வந்திருக்கும்.

தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொரு பெண்ணும் நினைக்கிறாள். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், இருபதுகளில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேரும், முப்பதுகளில் மூன்றில் ஒருவரும் தங்களுக்கு இன்னும் பரு வருவதாகச் சொன்னார்கள். திருமணமாகி இரண்டு பிள்ளை பெற்றவர்களும் என் கடைக்கு வருகிறார்கள். "இந்த வயசுல எனக்கு எதுக்குப் பரு?" என்று கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கும் வெட்கம் தேவையே இல்லாதது.

பரு எப்படி உண்டாகிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு வாய்க்காலை வைத்துத்தான் சொல்வேன். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஊறும் எண்ணெய் மயிர்க்கால் துவாரம் வழியாக மேலே வந்து தோலைப் பதமாக வைத்திருக்கும். துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிரும் செத்த செல்கள் சரியாக வெளியேறாமல் அங்கேயே படிந்தால், வாய்க்கால் தலைப்பில் வண்டல் சேர்ந்த மாதிரி வழி அடைபடும். மேலே அடைப்பு, கீழே ஊற்று நிற்கவில்லை. எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி தேங்கிய எண்ணெயில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கக் கிளம்ப, சிவந்து வீங்குகிறது. கடைசியில் மயிர்க்காலின் சுவர் உள்ளுக்குள்ளேயே உடைகிறது. கரை உடைந்து வயலுக்குள் தண்ணீர் புகுந்தது போல. ஆழமான, வலிக்கும் முடிச்சு என்பது அதுதான்.

இந்த அடைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பரு இன்று காலை உண்டானது இல்லை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால், அதற்கு முன்பே வாய்க்காலைத் தூர் வாரியிருக்க வேண்டும். கரை உடைந்த பிறகு மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை. வந்த பருவின் தலையில் மட்டும் மருந்து வைப்பவர்களுக்கு மாதாமாதம் அது திரும்பி வருவதற்கு இதுவே பாதிக் காரணம்.

சரி, ஏன் தாடையில்? ஆணுக்கு மீசையும் தாடியும் முளைக்கும் இடம் எதுவோ, அங்கேயுள்ள மயிர்க்கால்களும் சுரப்பிகளும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களுக்கு அதிகமாக இணங்கக்கூடியவை. ஆண் ஹார்மோன் என்று சொல்கிறோமே தவிர, பெண்ணின் சினைப்பையிலும் அட்ரீனல் சுரப்பியிலும் அது இயல்பாகவே சுரக்கிறது. அதன் பேச்சைக் கேட்டு எண்ணெய்ச் சுரப்பி பெரிதாகி, அதிக எண்ணெயை ஊற்றுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பல பெண்களுக்கு இது தூக்கலாகத் தெரியும். தாடையில் முடிச்சு தட்டினாலே "இன்னும் நாலஞ்சு நாள்ல வந்துடும்" என்று தேதி சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும்.

என் அண்ணன் மகளும் அப்படித்தான். திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஸ்கூட்டியில் கல்லூரி போய் வருகிறாள். அவளிடம் நான் முதலில் சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் கூடத்தில் தொங்கும் மாதக் காலண்டரில், மாதவிலக்கு வரும் நாளுக்கு ஒரு சின்ன வட்டம், புதுப் பரு தெரியும் நாளுக்குப் பென்சிலில் ஒரு புள்ளி. மூன்று மாதம். புள்ளிகள் எல்லாம் வட்டத்துக்கு முன்னால் கும்பலாக விழுந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது: வட்டங்களுக்கு இடையே ஒரு முறை 41 நாள், ஒரு முறை 47 நாள்.

அவள் மனசிலும் அண்ணி மனசிலும் ஓடியது ஒரே சொல்தான். நீர்க்கட்டி. பி.சி.ஓ.டி., பி.சி.ஓ.எஸ். என்று எழுதப்படும் நிலைக்கு நம் பக்கத்தில் புழங்கும் பெயர் அது. அந்தப் பெயரே பாதிப் பயத்தைக் கிளப்புகிறது. ஸ்கேனில் தெரிபவை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. முழுதாக முதிராமல் சினைப்பையில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். ஸ்கேனில் அவை தெரிந்தால் மட்டும் நோய் என்றும் சொல்லிவிட முடியாது. 2003-இல் வகுத்த ராட்டர்டாம் அளவுகோல்தான் இன்றைக்கும் அடிப்படை. மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண்ட்ரோஜன் மிகுந்ததற்கான அடையாளம், ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் மாதிரியான வேறு காரணங்கள் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு கட்டவே கூடாது என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் பலருடைய சினைப்பையும் இயல்பாகவே அப்படித்தான் தெரியும். பதினைந்து வயதுப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கடையில் அழுத அம்மாக்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. தாடையோரப் பரு வரும் பெண்களில் நிறைய பேருக்கு மாதவிலக்கு சரியாக இருக்கும், ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். ரத்தத்தில் ஹார்மோன் கூடவில்லை. சுரப்பிதான் இருக்கிற ஹார்மோனுக்கே அதிகமாகத் துள்ளுகிறது. "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தால் ஹார்மோன் சார்ந்த சிகிச்சை வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. பரிசோதனை கட்டாயம் வேண்டியது, மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறவர்களுக்கும், மோவாயிலும் வயிற்றிலும் தடித்த முடி முளைப்பவர்களுக்கும், தலை உச்சியில் முடி மெலிகிறவர்களுக்கும். இவையெல்லாம் சில மாதங்களுக்குள் திடீரென்று சேர்ந்து வந்து, குரலும் கட்டையானால் தாமதிக்கவே கூடாது. ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அறிகுறி அது. பரிசோதனைக்குப் போகும்போது முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். பயோட்டின் சில ஹார்மோன், தைராய்டு முடிவுகளையே மாற்றிக் காட்டும்.

கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரித் தடித்த கறுப்பு இருந்தால், அதை அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறார்கள். அது அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை, அதனால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது என்பதன் அடையாளம். அப்படிக் கூடிய இன்சுலின் சினைப்பையை அதிக ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டும். ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் உண்டாக்குகிறது; அதையும் குறைத்துவிடும். கழுத்துக் கறுப்பும் தாடைப் பருவும் ஒரே வீட்டிலிருந்து வரும் அக்கா தங்கை.

இங்கேதான் சாப்பாடு வருகிறது. "உடம்பு சூடு" என்று வீட்டில் சொல்வார்கள். எண்ணெய்ப் பலகாரம், கோழி, மாம்பழம் எல்லாவற்றின் மேலும் பழி விழும். தனியாக ஒரு பண்டம் பருவை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. மாவுச்சத்து வேகமாகச் சர்க்கரையாக மாறும் சாப்பாடு பருவைக் கூட்டும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் செய்த ஆய்வில், அப்படிப்பட்ட உணவைக் குறைத்தவர்களுக்குப் பருவும் கூடுதலாகக் குறைந்தது. நம் பக்கம் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடி தோசை. ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. சோற்றை விடு என்று இந்த மண்ணில் நின்று நான் சொல்ல மாட்டேன். தட்டில் சோறு ஒரு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் கீரை, பருப்பு, சுண்டல், மீன் வந்தால் போதும். கொழுப்பு நீக்கிய பாலுக்கும் பருவுக்கும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அதற்காகக் காலை டிகிரி காபியை நிறுத்தச் சொல்வது என் கணக்கில் கொடுமை. பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடியைப் பெரிய டப்பாவில் வாங்கிக் குடிக்கும் ஜிம் பையன்களிடம் மட்டும், பரு கூடினால் அதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். நரம்புக்கு என்று போட்டுக்கொள்ளும் பி12 ஊசியும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசியும் சிலருக்குப் பருவைக் கிளப்பும். டாக்டரிடம் போகும்போது இதையும் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து சேரும் காரணங்கள் சின்னவை, ஆனால் தினமும் நடப்பவை. ஸ்கூட்டியில் போகிற பெண்கள் தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டி, மோவாய்ப் பட்டையைப் பூட்டுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் அந்தத் துணி நனைந்துவிடும். வியர்வையும் உராய்வும் சரியாகத் தாடை விளிம்பில் போய் நிற்கும். ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். துப்பட்டாவை மட்டும் தினமும் துவைத்த மெல்லிய பருத்தித் துணியாக மாற்றிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும் தன்மை உள்ளது. தலைக்குத் தடவலாம், முகத்துக்கு வழிய விட வேண்டாம். பயத்த மாவு போட்டுக் குளிப்பதில் தப்பில்லை. பரபரவென்று தேய்ப்பதில்தான் தப்பு. எலுமிச்சைச் சாறும் பூண்டும் பற்பசையும் தோலைச் சுட்டுவிடும். தாடையில் பற்பசை வைத்துத் தூங்கி, காலையில் தோல் உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை காரணத்தையும் விட எனக்குக் கோபம் வரவைப்பது ஒன்று உண்டு. முகம் வெளுக்க, பரு போக என்று கைமாறிக்கொண்டே இருக்கும் ஸ்டீராய்டு ட்யூப்.

இது என் வீட்டிலேயே நடந்தது. அண்ணி வேறொரு கடையில் கேட்டு வாங்கிவந்து மகளுக்குக் கொடுத்திருக்கிறார். ட்யூபைத் திருப்பிப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். முதல் இரண்டும் கரும்படைக்கு டாக்டர்கள் எழுதும் மருந்துகள். மூன்றாவது ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த கலவையை டாக்டர் பார்வையில் சில வாரம் மட்டும் பூசலாம். இவள் ஏழு மாதமாக பவுடர் போடுகிற மாதிரிப் பூசிக்கொண்டிருந்தாள்.

"முதல் பத்து நாள்ல சூப்பரா ஆயிடுச்சு அத்தை. பரு அமுங்கிடுச்சு, முகம் பளிச்சுனு ஆச்சு. ரெண்டு நாள் போடலைன்னா முகம் எரியுது, குப்புனு வருது. அதான் நிறுத்த முடியல."

ஸ்டீராய்டின் குணமே அதுதான். வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அமுக்கும். அடைப்பை ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கன்னத்தில் நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் தெரியும், பூனைமுடி வளரும், வெயிலில் நின்றால் எரியும், அப்புறம் அதுவே ஒரே அளவிலான சின்னச் சின்னப் பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும். தோல் டாக்டர்கள் இதற்கு ஒரு தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு இந்தியாவில் இது பெருகிவிட்டது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளை, பூசும் வடிவத்திலும், சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபீட்டசால்: இந்தப் பெயர்களில் ஒன்று ட்யூபில் இருந்தால் அது பருவுக்கான மருந்து கிடையாது. ஏற்கெனவே பல மாதம் பூசியவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டுத் தவிக்காமல், தோல் டாக்டரிடம் காட்டி, எதிர்வினையைச் சமாளிக்கும் மருந்தோடு வெளியே வர வேண்டும். அண்ணன் மகளுக்கு அதற்கே ஏழெட்டு வாரம் பிடித்தது. முதல் மூன்று வாரம் அவள் கல்லூரிக்கே போகவில்லை.

இனி மருந்து. அடிப்படை வேலையைச் செய்வது ரெட்டினாய்டு வகை. நம் கடைகளில் அதிகம் நகர்வது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். வாய்க்காலைத் தூர் வாரும் வேலை இதனுடையது. ராத்திரி முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். பரு வரும் பகுதி முழுக்க மெல்லிசாகப் பரவ வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசரோடு. தோல் கொஞ்சம் காயும், உரியும், சிலருக்கு முதல் மாதத்தில் பரு கூடுவது போலவும் இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் "ஒத்துக்கல" என்று ட்யூபைக் கடாசுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பத்தில் இதைப் பூசக் கூடாது. அந்தச் சமயத்திலும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் அசெலாயிக் அமிலம் பாதுகாப்பானது. பருவோடு கறுப்புத் தடத்தையும் அது மங்க வைக்கும்.

இதனோடு சேர்வது பென்சாயில் பெராக்சைடு. கிருமியைக் கொல்லும், கிருமி இதற்குப் பழகிப்போவதும் இல்லை. 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் வாங்கினால் கிடைப்பது கூடுதல் எரிச்சல்தான். தலையணை உறை, துப்பட்டா, நைட்டி எதில் பட்டாலும் சாயம் போய்விடும், அதனால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாகப் பூசவே கூடாது. சில மாதத்தில் கிருமி அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு. வீக்கம் அதிகமானால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை டாக்டர் எழுதலாம், பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் போகாமல். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் வேலை செய்யாது.

இதெல்லாம் செய்தும் மாதாமாதம் தாடையில் முடிச்சு வந்தால், ஹார்மோனின் பக்கம் போக வேண்டிய நேரம். ஒரு வழி ஸ்பைரோனோலாக்டோன். நீர் பிரிய, ரத்த அழுத்தத்துக்கு என்று பல பத்தாண்டுகளாக இருக்கும் பழைய மாத்திரை. ஆண்ட்ரோஜனைச் சுரப்பியோடு ஒட்டவிடாமல் தடுப்பது இதன் இன்னொரு குணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடத்தி 2023-இல் வெளியான சோதனையில், 12 வாரத்தில் பலன் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. 24 வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. பொறுமை இங்கேயும் மருந்தில் பாதி. இதை எடுக்கும்போது கர்ப்பம் கூடாது, ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கும். பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

இன்னொரு வழி, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. இந்தச் சீட்டை நீட்டும்போது வீடுகளில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இந்த மாத்திரையா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று அண்ணியே கேட்டார். "அண்ணி, இது அவ மாதவிலக்கை ஒழுங்குபடுத்துறதுக்கும் ஆண்ட்ரோஜனைக் குறைக்கிறதுக்கும் எழுதினது. பேரு அப்படி, அவ்வளவுதான்" என்றேன். மாத்திரையைத் தேவைப்பட்டால் வேறு டப்பாவில் போட்டுக் கொடுங்கள். பெயருக்குப் பயந்து மருந்தை மறுக்காதீர்கள். ஆனால் உண்மையிலேயே யாருக்கு ஆகாது என்பது தெரிய வேண்டும்: ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள். இன்சுலின் கோளாறு இருந்தால், சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் எழுதுவார்கள். அதனால் பருவுக்குக் கிடைக்கும் பலன் சுமார்தான். எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு தானாக ஒழுங்குக்கு வரத் தொடங்கும்.

கடைசி ஆயுதம் ஐசோட்ரெட்டினாயின். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவதால், பலருக்கு நிரந்தரத்துக்குப் பக்கமான பலனைத் தரும். எடை கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 6000 முதல் 7500 மில்லிகிராம். தினம் 20 என்றால் 10 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல். உதடு வெடிக்கும், கண் உலரும், கல்லீரலையும் ரத்தக் கொழுப்பையும் இடையில் பரிசோதிக்க வேண்டும். டாக்சிசைக்ளினோடு சேர்த்து எடுக்கவே கூடாது.

இதில் ஒரு விஷயத்தை டெல்டாவின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். நம் வீடுகளில் பெண்ணின் பருவைப் பற்றிய அவசரம் எப்போது வருகிறது? நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்த பிறகு. "தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள முகம் தெளியணும்" என்று ஐப்பசியில் வருகிறார்கள். அந்த அவசரத்தில் ஐசோட்ரெட்டினாயின் தொடங்கினால், கல்யாணம் முடிந்தும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமான மறுமாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் ஊர் இது. மாத்திரை எடுக்கும் காலத்தில் கரு தரித்தால் குழந்தைக்கு மூளையிலும் இதயத்திலும் காதிலும் கடுமையான குறைபாடு வரக்கூடும். மாத்திரை எடுக்கும் நாள் முழுவதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் கூடவே கூடாது. டாக்டரிடம் கல்யாணத் தேதியைச் சொல்லுங்கள். பெண்ணுக்கு அந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்தது மாப்பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

தாடையில் வருவதெல்லாம் பருவும் இல்லை. வெற்றிலை போடும் பெரியவர் ஒருவர், மோவாய்க்குப் பக்கத்தில் ஒரே புள்ளியில் எட்டு மாதமாகச் சீழ் வடிந்து காய்ந்து மறுபடி வடிகிறது என்று களிம்பு மேல் களிம்பாக வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்த்தாடையில் ஒரு பல் கரிந்து வேர் மட்டும் நின்றது. பல் டாக்டர் அந்த வேரை எடுத்ததும் வெளியில் இருந்த புண் தானாக மூடிக்கொண்டது. சொத்தைப் பல்லின் சீழ், தோல் வழியாகத் துளை போட்டு வெளியே வருவது உண்டு. ஒரே இடம், ஒரே துளை என்றால் பல்லைப் பாருங்கள். கழுத்தில் வலியில்லாமல் நெரி கட்டி உடைந்து வடிந்தால் கண்டமாலை எனப்படும் காசநோயாக இருக்கலாம், அதற்குப் பரிசோதனை வேண்டும். ஷேவ் செய்யும் ஆண்களுக்கும், மோவாய் முடியைத் த்ரெடிங் செய்யும் பெண்களுக்கும் வெட்டுப்பட்ட முடி உள்ளுக்குள் சுருண்டு முளைத்துப் பரு மாதிரித் தெரியும். அரிப்பு அதிகமாகி, எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்தால் பூஞ்சையையும் யோசிக்க வேண்டும்; பருவுக்கான ஆன்டிபயாட்டிக் அதைக் கூட்டத்தான் செய்யும்.

நம் நிறத் தோலுக்கு, பரு போன பிறகு நிற்கும் கறுப்புத் தடம்தான் பெரிய கவலை. பள்ளம் இல்லாத வெறும் கறுப்பு என்றால், புதுப் பரு நின்றதும் சில மாதங்களில் தானாக மங்கும். எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள சன்ஸ்க்ரீன் அதைச் சீக்கிரமாக்கும். வயல் வேலை, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பியும் துண்டும்கூட நல்ல துணை. பள்ளம் விழுந்துவிட்டால் க்ரீமால் நிரப்ப முடியாது, ஊசி உருளை மாதிரியான சிகிச்சைகள் வேண்டும். பிதுக்காமல் இருப்பது எவ்வளவு லாபம் என்பது அப்போது தெரியும்.

யாரிடம் போவது என்றால், பெயருக்குப் பின்னால் டி.வி.எல். என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் தோல் மருத்துவப் படிப்பு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. மாதவிலக்குக் கோளாறு என்றால் தஞ்சையில் ராசா மிராசுதார் மருத்துவமனை. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் போய்விடும். போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை, டாக்டருக்கு அதில் எழுதியிருப்பதுதான் வேண்டும்.

அண்ணன் மகள் காலண்டர் தாள்களையே கிழித்துக் கொண்டுபோனாள். டாக்டர் இரண்டு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, வேறு கேள்வி அதிகம் கேட்காமல் எழுதத் தொடங்கினாராம். இப்போது ஒன்பதாவது மாதம். போன மாதத் தாளில் இரண்டு புள்ளிகள். அடாபலீனைத் தினமும் பூசியது போய், வாரத்தில் இரண்டு ராத்திரி என்று குறைத்திருக்கிறார்கள். "பருதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் செவ்வாயும் சனியும் பூசிக்கொண்டு படுத்துவிடுகிறாள்.